அம்மாவின் ஒருசந்தி

என்னோடு கோயிலில் முதல்முதல் புதுநன்மை எடுத்தவர்களே, உங்களில் எத்தனை பேர் இன்னும் இருக்கிறீர்கள் என்று எனக்குச் சரியாகத் தெரியாது. பதினொரு பிள்ளைகள் வெள்ளை உடுப்போடு வரிசையாக நின்றோம். இரண்டு பேர் போய்விட்டார்கள், அது தெரியும். ஒருத்தி கனடாவில் முழங்கால் மாற்றிக்கொண்டு கிடக்கிறாள், அதுவும் தெரியும், ஏனென்றால் கிழமைக்கு மூன்று தரம் அந்த முழங்காலின் படத்தை வட்ஸ்அப்பில் போடுகிறாள். மற்றவர்களுக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன். கண்ணாடியை எடுத்து வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

அன்று எடுத்த படம் உங்களிடம் இருந்தால் பாருங்கள். என் தலையில் பூமுடி கோணலாக இருக்கும். அதை நேராக்கிவிட அம்மா இல்லை. அவர் செத்து மூன்று கிழமைதான் ஆகியிருந்தது. உங்கள் அம்மாமார் எல்லாரும் என்னைப் பார்த்துப் பார்த்து அழுதார்கள். எனக்கு அழுகை வரவில்லை. இரவல் வாங்கின சப்பாத்து குதிக்காலைக் கடித்துக்கொண்டிருந்தது, என் கவனம் எல்லாம் அதில் இருந்தது.

நான் சொல்ல வந்தது அதற்கு முந்தின தவக்காலத்தைப் பற்றி. எனக்கு எட்டு வயது, அம்மாவுக்கு முப்பத்தொன்று. அந்த நாற்பது நாளும் அம்மா சாப்பிடவில்லை, அல்லது சாப்பிட்டது சாப்பாடு என்று சொல்லத்தக்கதாக இல்லை. அது பக்தியா, உடம்பு வருத்தமா, வீட்டில் இருந்த தட்டுப்பாடா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவருக்காவது தெரிந்திருந்ததா என்பதும் தெரியாது. நான் வாயைத் திறந்திருந்தால் அவர் பிழைத்திருப்பாரா என்பதுதான் என் கேள்வி. அறுபது தாண்டியும் அது என்னை விடவில்லை. இதை வாசித்து முடித்ததும் உங்களுக்கு ஏதாவது தெளிவு வந்தால் எனக்கும் சொல்லிவிடுங்கள்.

எங்கள் வீடு கொழும்புத்துறைப் பக்கம், களப்பின் கரையில் இருந்தது உங்களுக்குத் தெரியும். வற்று நேரத்தில் சேறும் சாதாளைப் புல்லும் சேர்ந்து மணக்கும். அப்பா தடி நட்டு வலை கட்டி, மீனை வழிமறித்துப் பிடிக்கிற தொழில் செய்தார். அவர் மயிலிட்டி ஆள், சைவம். அம்மாவைக் கட்டுவதற்காக ஞானஸ்நானம் எடுத்தவர். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு வருவார், ஆனால் கடைசி வாங்குக்கும் பின்னால் நிற்பார். பிரசங்கம் தொடங்கினதும் வெளியே போய் ஒரு சுருட்டைப் பத்தி முடித்துவிட்டு, சரியாக விசுவாசப் பிரமாணத்துக்கு உள்ளே வருவார். அம்மாவின் அக்கா, என் பெரியம்மா, அவரை ஆற்றிலே ஒரு கால் சேற்றிலே ஒரு கால் என்பார். அப்பாவின் தொழிலுக்கு அது உண்மையாகவே பொருந்தும் என்பதால் அவர் கோபித்ததில்லை.

அம்மா அப்படி இல்லை. விடிய கோயிலில் திருந்தாதிச் செப மணி அடிக்கும்போது குசினியில் நெருப்பு மூட்டிக்கொண்டிருந்தாலும் அப்படியே எழும்பி நின்று செபம் சொல்வார். பின்னேரம் செபமாலை. சீமெந்து நிலத்தில் முழங்காலில் நாங்கள் மூன்று பேர், அம்மா, நான், மூன்று வயதுத் தம்பி. நாலாவது பத்துமணிக் காரணிக்கத்தில் எனக்கு நித்திரை தூங்கும். அம்மா கண்ணைத் திறக்காமலே கையை நீட்டித் துடையில் நுள்ளுவார். கண்ணை மூடிக்கொண்டே தூங்குகிற பிள்ளையின் துடையை அவர் எப்படிக் கண்டுபிடித்தார் என்பது எனக்கு விளங்காத இன்னொரு விஷயம். ஆனால் ஒன்று, அந்த நுள்ளலில் கோபம் இருக்காது. அடுத்த மந்திரத்தைத் தொடங்கும்போது அதே இடத்தைத் தடவியும் விடுவார்.

கோயிலில் தவக்காலத்துப் புலம்பல் பாட்டுக்கு முதல் குரல் அம்மாதான். மெல்லிய ஆள், ஆனால் குரல் தடிப்பு. அவர் தொடங்கினால் ஆண்கள் பக்கத்தில் இருமல் நிற்கும்.

அந்த வருடம் விபூதிப் புதன் அன்று நெற்றியில் சாம்பலோடு வீட்டுக்கு வந்து, இந்த நாற்பது நாளும் தான் ஒருசந்தி என்று அம்மா சொன்னார். ஒருசந்தி என்றால் ஒரு நாளைக்கு ஒரே ஒரு நேரச் சாப்பாடு. மற்றவர்கள் வெள்ளிக்கிழமைகளில் மட்டும் இருப்பார்கள். அம்மா எல்லா நாளும் என்றார். எதற்காக நேர்த்தி வைத்தார் என்று சொல்லவில்லை. அப்பா ஒழுங்காகக் கோயிலுக்குள் வரவேண்டும் என்று வைத்தார் என்பது பெரியம்மாவின் கணக்கு. தம்பிக்கு முட்டு வருத்தம் இருந்தது, அதற்காக என்று அப்பா நினைத்தார். தம்பி இப்போது ஜெர்மனியில் இருக்கிறான், ஐம்பத்தைந்து தாண்டியும் மூச்சு வாங்காமல் சைக்கிள் ஓடுகிறான். அம்மாவைப் பற்றிக் கேட்டால் அவரது கை ஈரமாக இருக்கும் என்று மட்டும் சொல்வான். எனக்கு அந்த ஈரம் ஞாபகமே இல்லை.

அது பாணுக்கு விடிய வரிசையில் நின்ற காலம் என்பதை மறந்துவிடாதீர்கள். அரிசி கூப்பனில் வந்தது. மரவள்ளிக்கிழங்கு தின்று தின்று எங்கள் எல்லாருக்கும் வயிறு மந்தமாக இருந்தது. அப்படிப்பட்ட காலத்தில் வீட்டில் ஒருவர் சாப்பாட்டைக் குறைத்தால் யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். நல்லது என்றுதான் நினைப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அம்மாவின் பங்கில் பாதி என் சோற்றுக் கோப்பைக்கு வந்தது, நான் அதைச் சாப்பிட்டேன். 

இரண்டாவது கிழமையோ மூன்றாவது கிழமையோ, மத்தியானம், நான் குசினிக்குப் பின்னால் கோழிக் கூட்டுப் பக்கம் போனேன். அம்மா வாழையடியில் குந்தியிருந்து சத்தி எடுத்துக்கொண்டிருந்தார். பிறகு அடுப்புச் சாம்பலை அள்ளி அதன்மேல் போட்டு மூடினார். என்னைக் கண்டதும் சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

"என்னம்மா?" என்றேன்.

"ஒண்டுமில்லை. வெறும் வயித்திலை தண்ணி குடிச்சிட்டன்."

அடுத்த நாள் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாருக்கும் போட்ட பிறகு அம்மா தன் ஒரு நேரச் சோற்றைப் போட்டுக்கொண்டு குசினி வாசலில் இருந்தார். ஒரு கவளம் உருட்டி வாய்க்குள் வைத்தார். கன நேரம் வைத்திருந்தார். பிறகு அதைக் கைக்குள் துப்பிக் கோழிக்குப் போட்டார். அடுத்த கவளமும் அப்படித்தான். கோழிகளுக்குப் பழகிப்போய்விட்டது, அவர் கோப்பையை எடுத்தாலே ஓடி வந்தன.

என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்தினார்.

"பிள்ளை, நீ கண்டதை ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை."

"ஏனம்மா?"

"ஒறுத்தல் எண்டால் ஆண்டவருக்கு மட்டும்தான் தெரியவேணும். வெளியிலை தெரிஞ்சால் பலன் போயிடும். நீ சொல்லாமல் இருந்தால் அது உன்ரை ஒறுத்தல். ரெண்டு பேரும் சேந்து செய்வம், என்ன?"

எனக்குப் பெருமை பிடிபடவில்லை. நீங்கள் எல்லாரும் அந்தத் தவக்காலத்தில் மிட்டாயை விட்டீர்கள், ஒருவன் தம்பியோடு சண்டை பிடிப்பதை விட்டதாகச் சொல்லிவிட்டு அடுத்த நாளே பிடித்தான். நான் மட்டும் பெரிய ஆட்களின் ஒறுத்தல் ஒன்றில் பங்கு எடுத்துக்கொண்டிருந்தேன். ஞானோபதேச வகுப்பில் உங்கள் மத்தியில் இருந்துகொண்டு உங்களை எல்லாம் சின்னப் பிள்ளைகள் என்று நினைத்தேன், மன்னித்துக்கொள்ளுங்கள்.

பெரியம்மா வருகிறவர்களிடமெல்லாம் தங்கையின் ஒருசந்தியைப் பற்றிப் பேசினார். ஆண்டவருக்கு மட்டும் தெரியவேண்டியது ஊருக்கே தெரிந்திருந்தது. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்களே, பெரியம்மா ஒருவரின் வாய்க்கே மூடி கிடைத்திருக்காது. பெண்கள் தண்ணி அள்ள வரும்போது அம்மாவைப் பார்த்து மரியாதையாக ஒதுங்கினார்கள். கன்னம் ஒட்டி, கண் பெரிதாகி, அம்மா கோயில் சுரூபத்தின் சாயலுக்கு வந்துகொண்டிருந்தார். எல்லாருக்கும் அது அழகாகத் தெரிந்தது, எனக்கும்தான். கலியாண மோதிரம் விரலில் நிற்காமல் கழன்றது. அம்மா அதன் உட்பக்கம் நூலைச் சுற்றிப் போட்டுக்கொண்டார். மூன்றாம் கிழமை நூலின்மேல் நூல் சுற்றினார்.

நாலாம் கிழமையில் மயிலிட்டியிலிருந்து மாமி வந்தார். அப்பாவின் தமக்கை. கடலோடிக் குடும்பத்துப் பெண், பெரிய எலும்பு, பெரிய குரல், நெற்றி நிறைய விபூதி. பஸ்ஸில் வருகிற வழியில் மருதனார்மடத்தில் இறங்கிச் சந்தையில் கத்தரிக்காயும் வாழைப்பொத்தியும் வாங்கி, கருவாட்டோடு ஒரே பையில் போட்டுக்கொண்டு வருவார். அன்று அவரே சமைத்தார். அம்மாவையும் எங்களோடு இருத்தி ஒரு கோப்பையை முன்னால் வைத்தார்.

"இண்டைக்கு என்ரை கையாலை சாப்பிடு."

"மச்சாள், நான் பின்னேரம் சாப்பிடுறன். இப்ப வேண்டாம்."

மாமி அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாப்பாடு முடிந்து அம்மா கிணற்றடிக்குப் போனதும் அப்பாவிடம் திரும்பினார்.

"தம்பி, உவள் இருக்கிறது விரதமில்லை. உவளுக்கு என்னவோ வருத்தம்."

"ஒருசந்தி, அக்கா. நேர்த்தி."

"நானும் கந்தசட்டி ஆறு நாளும் மிளகும் தண்ணியுமாய்க் கிடக்கிறனான். எனக்குத் தெரியாத விரதமே? விரதம் இருக்கிறவள் சோத்தைக் கண்டால் கண்ணாலை எண்டாலும் ஒருக்கால் பாப்பாள். உவள் முகத்தைத் திருப்பிறாள். நீ டொக்டரிட்டைக் கூட்டிக்கொண்டு போ."

பெரியம்மாவும் அங்கே இருந்தார். அவருக்குப் பிடிக்கவில்லை.

"உங்கடை விரதம் வேறை, எங்கடை ஒருசந்தி வேறை. இதுக்குள்ளை நீங்கள் வராதேங்கோ."

அப்பா இரண்டு பெண்களுக்கும் நடுவில் நிலத்தைப் பார்த்தார். பிறகு அவர் என்னிடம் சொன்னது உண்டு, தான் சைவத்திலிருந்து வந்தவன் என்பதால் அன்று வாய் திறக்கப் பயந்ததாக. மனைவியின் வேதத்தைப் பற்றி அவளின் அக்காவுக்குத் தெரியாததா எனக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தாராம். மாமி விடவில்லை. என்னைப் பிடித்துத் தன் முழங்கால்களுக்கு நடுவில் நிறுத்தினார். அவர் கையில் கருவாட்டு மணம்.

"பிள்ளை, நீ சொல்லு. அம்மா சத்தி எடுக்கிறவவோ?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். கிணற்றடியில் வாளி இறங்குகிற சத்தம் கேட்டது.

"இல்லை," என்றேன்.

அவ்வளவுதான். மாமி பெருமூச்சு விட்டார். பின்னேரம் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று போய்விட்டார்.

நல்ல வேளையாகவோ கெட்ட வேளையாகவோ, அடுத்த சனிக்கிழமை எங்களுக்கு முதல் பாவசங்கீர்த்தனம். ஞானோபதேச ரீச்சர் எங்களுக்கு எல்லாவற்றையும் பாடமாக்கியிருந்தார். எப்படி முழங்காலில் இருப்பது, எப்படித் தொடங்குவது. அதோடு பூசையில் அப்பத்தை நாக்கில் வாங்கி நன்மை எடுப்பது பற்றியும். நன்மை எடுக்க முதல் தண்ணியும் தொண்டையால் இறங்கக்கூடாது, பல் தீட்டும்போது ஒரு துளி விழுங்கினாலும் சுவாமியிடம் போய்ச் சொல்லவேண்டும். அவர் சொன்னது பழைய சட்டம், அது அதற்கு முன்பே தளர்ந்துவிட்டது என்று வெகுகாலம் கழித்துத்தான் அறிந்தேன். ஆனால் அந்த நாளில் ரீச்சர் சொன்னால் பாப்பரசர் சொன்ன மாதிரி. நீங்களும் நடுங்கினீர்கள், ஞாபகம் இருக்கும்.

எங்கள் சுவாமி அப்போது இளம் ஆள், குருப்பட்டம் பெற்று இரண்டு வருடம்கூட ஆகவில்லை. தனியாக மூன்று கோயில்களைப் பார்த்தார். பாவசங்கீர்த்தனப் பெட்டிக்குள் புது வார்னிஷ் மணத்தது. தட்டிக்கு அப்பால் அவர் காது மட்டும் தெரிந்தது. தம்பிக்கு அடித்தது, சீனி களவெடுத்தது எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, மாமிக்குப் பொய் சொன்னேன் என்றேன்.

"என்ன பொய்?"

"அம்மா சத்தி எடுக்கிறவ. சோத்தைத் துப்பிப்போட்டுக் கோழிக்குக் குடுக்கிறவ. ஒருத்தருக்கும் சொல்ல வேண்டாமெண்டவ. மாமி கேக்க நான் இல்லையெண்டிட்டன்."

காது அசையவில்லை. 

"அம்மா தவம் செய்யிறா, பிள்ளை. நல்ல விஷயம். அம்மா சொன்னபடி கேளும். ஆனால் பொய் மட்டும் சொல்லக்கூடாது."

பொய்யும் சொல்லாமல் உண்மையையும் சொல்லாமல் ஒரு எட்டு வயதுப் பிள்ளை எப்படி இருப்பது என்று அவர் சொல்லித் தரவில்லை. ஆனாலும் வெளியே வரும்போது எனக்கு உடம்பு லேசாக இருந்தது. பெரிய ஆள் ஒருவரிடம் சொல்லியாகிவிட்டது, இனி அவர் பார்த்துக்கொள்வார் என்று நினைத்தேன். பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைச் சுவாமி உயிர் போனாலும் வெளியே சொல்லக்கூடாது என்பதையும் ரீச்சர் படிப்பித்துத்தான் இருந்தார். ஆனால் இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்கு அப்போது தெரியவில்லை. ஊர் முழுக்க ஆட்கள் இருக்க, ஒருவரிடமும் சொல்லமுடியாத ஒரே ஒரு ஆளாகப் பார்த்துப் போய் நான் சொல்லியிருக்கிறேன்.

குருத்தோலை ஞாயிறுக்கு இரண்டு நாள் முன், கோயிலில் புலம்பலைத் தொடங்கி இரண்டாவது அடியில் அம்மா விழுந்தார். குரல் நடுவில் நின்றது. முதலில் எல்லாரும் அழுகிறார் என்று நினைத்தார்கள். ஆஸ்பத்திரியில் ஒரு கிழமை. வயிற்றில் கட்டி, ஈரலுக்கும் போய்விட்டது, இனிச் செய்ய ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்றார்கள். இங்கேதான் என் தலை சுற்றுகிறது. ஆறு மாதத்துக்கு முந்திக் கொண்டுவந்திருக்கவேண்டும் என்று டொக்டர் சொன்னதாக அப்பா சாகும்வரை சொன்னார். பெரியம்மா, ஒரு மாதத்துக்கு முந்தி என்றுதான் டொக்டர் சொன்னார் என்று சாகும்வரை சொன்னார். இரண்டு பேரும் ஒரே கட்டிலடியில் ஒரே டொக்டரின் முன் நின்றவர்கள். ஆறு மாதம் என்றால் என் மேல் குற்றமில்லை. ஒரு மாதம் என்றால், நான் அம்மாவை வாழையடியில் கண்டு வாயை மூடிக்கொண்ட மத்தியானம் கிட்டத்தட்ட அங்கேதான் விழுகிறது.

பெரிய வெள்ளியன்று அம்மாவை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். பெரிய சனி பின்னேரம் அம்மாவின் மூச்சு மாறினது. அப்பா சுவாமியைக் கூட்டிவரச் சைக்கிளில் போனார். சாகக் கிடக்கிறவருக்கு எண்ணெய் தொட்டு அவஸ்தை பூசவும் நன்மை கொடுக்கவும் மேசையில் வெள்ளைத் துணியும் இரண்டு மெழுகுதிரியும் வேண்டும். பெரியம்மா தம்பியையும் இழுத்துக்கொண்டு அவற்றை வாங்கிவரப் போனார். அரை மணித்தியாலம் அறையில் நானும் அம்மாவும் மட்டும். அந்த அரை மணித்தியாலத்தைக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன்.

அப்பா தனியாகத் திரும்பி வந்தார். சுவாமி அடுத்த கோயிலில் பாவசங்கீர்த்தனம் கேட்டுக்கொண்டிருக்கிறார், வருடத்துக்கு ஒருக்கால் வருகிறவர்கள்கூடப் பெரிய சனியில்தானே வருவார்கள், இன்னும் இருபது பேர் நிற்கிறார்கள், முடித்துவிட்டு வருகிறாராம் என்றார். சுவாமி வியர்க்க வியர்க்கச் சைக்கிளில் வந்து இறங்கும்போது அம்மா போய்ப் பத்து நிமிடம். அவர் பழகாத கையால் எண்ணெயைப் பூசப் பார்த்தார், எண்ணெய் அம்மாவின் கண் இமையில் சிந்தினது. துக்க மணி அடிக்கவில்லை. பெரிய வியாழனில் நின்ற மணி உயிர்ப்புப் பூசையில்தான் திரும்ப அடிக்கும், அதற்கிடையில் யார் செத்தாலும் அடிக்கமாட்டார்கள். அன்றிரவு எல்லா மணியும் சேர்ந்து அடித்தபோது, அவளுக்காகத்தான் அடிக்கிறது என்று பெரியம்மா சொன்னார். எனக்கு அது சந்தோஷ மணி என்று தெரியும். காதைப் பொத்திக்கொண்டேன்.

உயிர்த்த ஞாயிறு பின்னேரம் அடக்கம். அந்த நாளில் இறந்தவர்களுக்குப் பூசை இல்லை, செபம் மட்டும். ஊர், நாற்பது நாளும் இருந்து முடித்துவிட்டு நேரே போய்ச் சேர்ந்தாள், புனிதை, என்றது. உங்கள் அம்மாமாரும் அப்படித்தான் சொன்னார்கள், இன்றும் சில பேர் சொல்கிறார்கள். மாமி வந்து ஒருவரோடும் கதைக்காமல் என் தலையை இழுத்து இழுத்து வாரிப் பின்னிவிட்டார். அவர் என்னிடம் எதையும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம் என்று பிறகு எத்தனையோ தரம் நினைத்திருக்கிறேன்.

போன மாதம் நான் சுவாமியைப் பார்க்கப் போனேன். இளைப்பாறின குருமார் இருக்கிற வீட்டில் இருக்கிறார், எண்பது தாண்டிவிட்டது. காது மந்தம், ஆனால் புத்தி தெளிவு. யாருடைய மகள் என்று சொன்னதும் கையிலிருந்த தேத்தண்ணியைக் கீழே வைத்தார். நான் சுற்றி வளைக்கவில்லை, கோபத்தோடுதான் போயிருந்தேன்.

"சுவாமி, அம்மாவும் உங்களிட்டைத்தான் பாவசங்கீர்த்தனம் செய்தவ. தனக்கு வருத்தமெண்டு அவவுக்குத் தெரியுமோ? தெரிஞ்சுகொண்டோ என்னைச் சொல்ல வேண்டாமெண்டவ?"

அவர் தேத்தண்ணியை இன்னும் தள்ளி வைத்தார்.

"அது நீர் என்னட்டைக் கேக்கக்கூடாத கேள்வி, பிள்ளை."

"தெரியும் சுவாமி."

"தெரிஞ்சுகொண்டும் கேக்கிறீர்."

"வேறை ஆரிட்டைக் கேக்கிறது? எல்லாரும் செத்துப்போட்டினம்."

அவர் தலையை ஆட்டினார். ஓம் என்றா இல்லை என்றா ஆட்டினார் என்று கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது, வயதானவர்களுக்குத் தலை சும்மாவும் ஆடும். அவருக்கு எல்லாம் தெரியும், அவரோடு அது மண்ணுக்குள் போகப்போகிறது என்று நினைத்தபோது எனக்கு அவரைப் பிடித்து உலுக்கவேண்டும் போலிருந்தது. எழும்பினேன். அப்போது அவர் என் கையைப் பிடித்தார்.

"நான் உம்மட்டை ஒண்டு கேக்கலாமோ? இது வெளியிலை நடந்தது, கேக்கலாம். அண்டைக்கு அப்பா வந்து கூப்பிட்டவர். நான் வரிசையை முடிச்சிட்டு வாறன் எண்டிட்டன். ஆக்களைத் திருப்பி அனுப்ப மனம் வரேல்லை. அவையும் ஆத்துமங்கள்தானே எண்டு நினைச்சன்." மூச்சு வாங்கினார். "அம்மா என்னைப் பாத்துக்கொண்டு கிடந்தவவோ? நன்மை கேட்டவவோ? நீர் பக்கத்திலை நிண்டனீர் எண்டு அப்பா சொன்னவர்."

ஐம்பது வருடத்துக்கு மேலாக அவரும் ஒன்றை வைத்துக்கொண்டு இருந்திருக்கிறார். அதற்குப் பதில் தெரிந்த ஒரே ஆள் நான்.

இப்போது அந்த அரை மணித்தியாலத்தைச் சொல்கிறேன். அப்பாவுக்குக் காய்ச்சின மீன் குழம்பு அடுப்படியில் மூடிக் கிடந்தது. அதன் வாசம் அறைக்குள் வந்தது. அம்மா கண்ணைத் திறந்தார். முகத்தைத் திருப்பவில்லை. குசினிப் பக்கமாகப் பார்த்தார்.

"பிள்ளை, எனக்குப் பசிக்குது."

நாற்பது நாளும் அவர் வாயில் வராத சொல் அது.

"கொஞ்சம் குழம்பு எண்டாலும் கொண்டா. நாக்கிலை வச்சுப் பாப்பம்."

நான் எழும்பினேன், இரண்டு அடி வைத்தேன், நின்றேன்.

"அம்மா, சுவாமி நன்மை கொண்டு வாறார். எடுக்க முதல் ஒண்டும் சாப்பிடக்கூடாது. தண்ணியும் கூடாதெண்டு ரீச்சர் சொன்னவ."

அம்மா என்னைப் பார்த்தார்.

"ஓம், என்ன. மறந்துபோனன்," என்றார். கொஞ்சம் பொறுத்து, "கெட்டிக்காரி," என்றார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார். சாகக் கிடக்கிறவர்களுக்கு அந்தச் சட்டமே இல்லை என்று எனக்கு ஒருவரும் சொல்லித் தந்திருக்கவில்லை. அந்தக் கெட்டிக்காரி என்ற சொல் புகழ்ச்சியா, வேறு ஏதாவதா என்று நானும் இத்தனை வருடம் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டேன். சில நாள் ஒரு மாதிரிக் கேட்கிறது, சில நாள் இன்னொரு மாதிரி.

சுவாமி என் கையை விடவில்லை.

"ஓம் சுவாமி," என்றேன். "நீங்கள் வாறியளெண்டு பாத்துக்கொண்டு கிடந்தவ. நன்மை எடுக்கவெண்டு வாயிலை ஒண்டும் வைக்கேல்லை."

அவர் அழுதார். அது நல்ல அழுகை, பார்த்தால் தெரியும். பிறகு என் தலையில் கை வைத்து ஆசீர்வதித்தார், நான் குனிந்து வாங்கிக்கொண்டேன்.

நான் சொன்னதில் பொய் எது என்று எடுத்துக் காட்டுங்கள் பார்க்கலாம். ஒரு சொல்லும் பொய்யில்லை. ஆனாலும் பொய்தான். பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். எங்கள் கோயிலில் இப்போது இருப்பவர் முப்பது வயதுப் பெடியன், அவர் தலையில் இதை ஏற்றி ஐம்பது வருடம் சுமக்கவைக்க எனக்கு மனமில்லை. ஆகவே உங்களிடம் சொல்கிறேன். என் அம்மா பசியோடு செத்தார். கேட்டார், நான் கொடுக்கவில்லை. உங்களுக்கு எந்தக் கட்டுப்பாடும் கிடையாது, யாருக்கு வேண்டுமானாலும் சொல்லுங்கள். சுவாமிக்கு மட்டும் வேண்டாம்.